ஞாயிறோடு முடியும் ஹீலிங்கா, வாராவாரம் போகும் மன்றமா?

மனசு சரியில்லை, உடம்பும் சொன்னபடி கேட்பதில்லை, நாலு பேரோடு சேர்ந்து ஏதாவது செய்தால் தேவலை என்று நினைப்பவருக்குக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வழிக்குப் பஞ்சமே இல்லை. வடக்கே ஆரோவில்லில் ஒலிக்குளியல், மூச்சுப் பயிற்சி, வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டங்கள். தென்மேற்கே வடலூரில் வள்ளலார் மூட்டிய அணையாத அடுப்பு. நடுவில் அரவிந்தர் ஆசிரமம், வேதாத்திரி மகரிஷி வழியில் தியானமும் உடற்பயிற்சியும் சொல்லித்தரும் மனவளக்கலை மன்றங்கள், பேட்டைக்கொரு யோகா வகுப்பு. இத்தனை இருப்பதால்தான் குழப்பமே. எதற்குப் போகலாம் என்று கேட்பவர்கள் முதலில் கட்டணத்தைக் கேட்கிறார்கள், அப்புறம் தூரத்தைக் கேட்கிறார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் தங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை யோசித்துவிடுவது நல்லது: ஓய்வு வேண்டுமா, ஆட்கள் வேண்டுமா, இல்லை வைத்தியம் வேண்டுமா? மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரக்கடைசியில் நடக்கும் பெரிய அனுபவத்தைவிட, அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கவைக்கும் சின்னக் கூட்டம்தான் நம் ஊர் ஆட்களில் பெரும்பாலோருக்கு நின்று பயன் தருகிறது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

முதலில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் ஸ்ரீ அன்னை தொடங்கிவைத்த ஊர். பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும் வெளியாட்களுக்கு அது பாண்டிச்சேரிதான். இங்கே நடப்பவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேச முடியாது. ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கடற்கரையில் இருக்கும் குவைட் ஹீலிங் சென்டரில் வாட்சு என்றொரு சிகிச்சை கொடுக்கிறார்கள். ஏறக்குறைய 35 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரில் உங்களை மல்லாக்க மிதக்கவிட்டு, பயிற்சி பெற்ற ஒருவர் தாங்கிப் பிடித்தபடி மெல்ல அசைத்து, இழுத்து, நீட்டிவிடுவார். ஜப்பானிய ஷியாட்சு முறையைத் தண்ணீருக்குள் கொண்டுவந்து கலிஃபோர்னியாவில் ஹரோல்ட் டல் என்பவர் உருவாக்கியது. முதுகு, தோள் இறுகிப்போனவர்களுக்கும், வருஷக்கணக்கில் யாரையாவது பார்த்துக்கொண்டே இருந்து தன்னை யாரும் தாங்காமல் போனவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் என்னவோ செய்துவிடுகிறது. சிலர் தண்ணீரிலேயே அழுதுவிடுவார்கள். ஆனால் ஓர் அமர்வுக்கே சில ஆயிரங்கள் ஆகும். முன்பதிவு வேண்டும். இன்னொருவர் கையில் அப்படிக் கிடப்பது கூச்சமாக இருக்கும் என்றால், பெண் சிகிச்சையாளர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். ஆறாத புண், தோல் தொற்று, வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

ஒலிக்குளியல் இதைவிட எளிது. பாயில் படுத்துக்கொள்ள வேண்டும். கிண்ணங்கள், மணிகள், தாளத் தகடுகள் என்று சுற்றி ஒலி எழுப்புவார்கள். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், சிலர் குறட்டையும் விடுவார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. தூக்கமே வராமல் வந்தவருக்கு அதுவே பெரிய லாபம். அந்த அதிர்வு செல்லுக்குள் போய் நோயைத் துரத்துகிறது என்று விளக்கம் வரும்போது மட்டும் காதை மூடிக்கொள்ளுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியது மூச்சு ஒர்க்‌ஷாப்பில்தான். மெதுவாக மூச்சை இழுத்து மெதுவாக விடும் பயிற்சிகளைச் சொல்லவில்லை. இசையைச் சத்தமாகப் போட்டு, படுத்தபடி வேகவேகமாக நெடுநேரம் மூச்சு விடச் சொல்லும் வகையைச் சொல்கிறேன். சிறிது நேரத்தில் விரல் நுனி மரக்கும், உதட்டைச் சுற்றி ஊசி குத்தும், கை முறுக்கிக்கொள்ளும், தலை சுற்றும். ‘தேங்கிய சக்தி வெளியேறுகிறது’ என்பார்கள். நடப்பது இதுதான்: தேவைக்கு மீறி வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, நரம்புகள் சீண்டப்படுகின்றன. ஆரோக்கியமானவருக்கு நிறுத்தியதும் சரியாகிவிடும். கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், இதய நோயாளிகள், முன்பு மனநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் இதில் இறங்கவே கூடாது. ஆரம்பிக்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்காத ஆளிடம் பணம் கட்டாதீர்கள்.

இனி வட்டக் கூட்டங்கள். ஒவ்வொருவராக மனதில் உள்ளதைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கே பேசாமல், அறிவுரை சொல்லாமல் கேட்க வேண்டும். நல்ல முறைதான். நம் வீடுகளில் யாரும் முழுசாகக் கேட்டு முடிப்பதில்லை, நடுவிலேயே ‘நான் அப்பவே சொன்னேனே’ வந்துவிடும். ஆனால் ஆரோவில் பக்கத்து வட்டங்களில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். சாதாரணப் பேச்சுக்கு ஆங்கிலம் போதும். அழுகை முட்டும்போது ஆங்கில வாக்கியம் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஞாயிறு சாயங்காலம் வரும். உங்கள் ரகசியத்தைக் கேட்டவர்களில் ஒருவர் பெங்களூருக்குக் கிளம்புவார், ஒருவர் பெர்லினுக்கு. அந்நியர் என்பதால்தானே சொல்ல முடிந்தது என்பதும் உண்மைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடி மனசு கனக்கும்போது கூப்பிட யாரும் இருக்கமாட்டார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று மிச்சம் இருக்கும். ஒரு மாதம் வரை அதில் சூரிய உதயப் படங்கள் வரும்.

அதனால் ஆரோவில் பக்கத்து வாரக்கடைசி யாருக்கு என்று கேட்டால், ஆட்கள் ஏற்கனவே இருப்பவருக்கு, ஓய்வு மட்டும் தேவைப்படுபவருக்கு, செலவு கையைக் கடிக்காதவருக்கு என்பேன். வேலை, வீடு, பிள்ளைகள் என்று நசுங்கிப்போன ஒருவர் இரண்டு நாள் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு மரத்தடியில் இருந்துவிட்டு வந்தால், கூட்டத்தில் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதுகூட முக்கியமில்லை.

செலவே இல்லாமல் அந்த அமைதி வேண்டும் என்றால் வெள்ளை நகரத்துக்குள் ஆசிரமம் இருக்கிறது. அரவிந்தர் 1910-ல் புதுச்சேரிக்கு வந்தவர். ஆசிரமம் 1926-ல் உருவானது. சமாதி இருக்கும் முற்றத்தில் கட்டணம் கிடையாது, பேச்சு கிடையாது, போனை அணைத்துவிட வேண்டும், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதியில்லை. பூ வாசனையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வரலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கடைசிவரை தெரியாது. தனியாக இருக்கத் தெரிந்தவருக்கு இது அமிர்தம். தனிமைதான் நோய் என்றால் மருந்து இங்கே இல்லை.

சரி, ஆட்கள்தான் வேண்டும் என்பவருக்கு?

மனவளக்கலை மன்றத்தைப் பலர் பெரிசாக நினைப்பதில்லை. ஈசிஆரில் மாட்டியிருக்கும் போஸ்டர் அளவுக்கு இதற்கு அழகு இல்லை. வாடகைக் கட்டடம், பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் வேதாத்திரி மகரிஷி படம், உள்ளே நுழைந்ததும் ‘வாழ்க வளமுடன்’. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த மனிதர் அவர். உலக சமுதாய சேவா சங்கத்தை 1958-ல் தொடங்கினார். அவர் அமைத்த பயிற்சியில் சம்சாரிகளின் கஷ்டம் தெரிந்த ஒருவரின் கை தெரிகிறது. கை, கால், கண் பயிற்சிகள், மகராசனம், உடல் தேய்த்துவிடுதல் எல்லாம் வேட்டி, புடவை, சுடிதார் எதிலும் செய்யக்கூடியவை. அப்புறம் தவம், அப்புறம் அகத்தாய்வு. இந்த அகத்தாய்வில்தான் விஷயம் இருக்கிறது: எனக்கு யார் மேல் கோபம், ஏன் வருகிறது, எந்த ஆசை நியாயமானது, எந்தக் கவலைக்கு இப்போது ஏதாவது செய்ய முடியும் என்று எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் கட்டிப் போகும் ஒர்க்‌ஷாப்பிலும் நோட்டைக் கொடுத்து ஏறக்குறைய இதையேதான் எழுதச் சொல்கிறார்கள். இங்கே தமிழில், தினமும், பக்கத்துத் தெரு ஆட்களோடு, குறைந்த செலவில். ஆகஸ்ட் 30-ஐ மனைவி நல வேட்பு நாள் என்று வைத்து, கணவன் மனைவிக்குப் பூ கொடுக்க, மனைவி கணவனுக்குப் பழம் கொடுக்கும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. முதல் தடவை பார்க்கும்போது சிரிப்பு வரும். நாற்பது வருஷத்தில் முதல் முறையாகப் பூ கொடுக்கும் தாத்தாவைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

குறை இல்லாமல் இல்லை. பிரசங்கம் நீளும். ஒரு நிலை முடித்ததும் அடுத்த நிலைக்கு வாங்க, அப்புறம் அருள்நிதி என்ற மேல்நிலைப் பயிற்சி படியுங்கள் என்று மெல்ல நெட்டுவார்கள். வெறுமனே உடற்பயிற்சிக்கு வந்தவருக்கு அந்தத் தத்துவம் பாரமாகத் தெரியலாம். சில மன்றங்களில் ஐம்பதுக்குக் கீழே ஆளே இருக்காது. இளைஞர்கள் யோகாசன வகுப்புகளையே விரும்புகிறார்கள். அந்தப் பக்கம் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்குப் புதுச்சேரியில் சுவாமி கீதானந்த கிரி ஆனந்த ஆசிரமம் வழியாக விட்டுப்போன மரபு இருக்கிறது. அதில் கட்டுப்பாடு அதிகம், சும்மா எட்டிப்பார்க்க வருபவருக்கு ஒத்துவராது. எட்டிப்பார்க்க மட்டும் என்றால், வழக்கமாக ஜனவரி 4 முதல் 7 வரை அரசு சுற்றுலாத் துறை நடத்தும் சர்வதேச யோகா விழா இருக்கிறது. பல பள்ளிகளையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

வடலூரைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். ஹீலிங் பட்டியலில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். கடலூரிலிருந்து விருத்தாசலம் சாலையில் ஒரு மணி நேர பஸ் பயணம். வள்ளலார் 1867 மே 23-ல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. யார் என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்காமல் பந்தி போடுகிறார்கள். 1872 தைப்பூசத்தில் திறந்த சத்திய ஞான சபையில் மாதாமாதம் பூசத்தன்று இரவு ஆறு திரை விலக்கி ஜோதி காட்டுவார்கள். தைப்பூசத்துக்கு மட்டும் ஏழும் விலகும். அந்தப் பெருங்கூட்டத்தில் தொலைந்துபோவதும் ஒரு ஆறுதல்தான், ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை.

மாவட்டம் முழுக்க, புதுச்சேரியிலும்கூட, வள்ளலார் வழியில் நடக்கும் சின்னச் சின்ன சன்மார்க்க சங்கங்கள் இருக்கின்றன. ஒன்றுகூடி வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவல் படிப்பார்கள். 1596 அடி; பழகியவர்களோடு சேர்ந்து ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனால் மூச்சு தானாக ஒரு கதிக்கு வந்துவிடும். முடிந்ததும் கஞ்சியோ சாதமோ சமைத்துப் போடுவார்கள். அந்தச் சமையலில் போய்ச் சேர்ந்துகொள்ள எந்தத் தகுதியும் வேண்டாம். எதிரே உட்காரவைத்து ‘உன் மனதில் என்ன இருக்கிறது, சொல்’ என்றால் நம்மில் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, கண்ணைப் பார்க்கத் தேவையில்லாததால், தானாக வந்துவிடும். பையன் பேசுவதில்லை, மருமகள் இப்படிச் சொன்னாள், அவர் போனபிறகு ராத்திரியில் தூக்கமில்லை... பக்கத்திலிருக்கும் அக்கா ‘ம்’ கொட்டுவார், கொஞ்சம் வெங்காயத்தை நகர்த்தி வைப்பார். அவ்வளவுதான் நடக்கும். அடுத்த வாரம் நீங்கள் போகவில்லை என்றால் ‘எங்கே அந்தம்மாவைக் காணோம்’ என்று யாராவது கேட்பார்கள். திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கணவர் இறந்தபிறகு பிள்ளைகள் ஏற்பாடு செய்த எல்லா வகுப்பையும் பாதியில் விட்டவர், இதை மட்டும் விடவில்லை. அவரிடம் கேட்டால் ஆறுதல், அமைதி என்றெல்லாம் சொல்லமாட்டார். ‘நான் போகலைன்னா அங்க சாம்பாருக்கு உப்பு சரியா இருக்காது’ என்பார்.

இதற்கும் வரம்பு உண்டு. அசைவத்தை விடச் சொல்வார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத தேவனாம்பட்டினத்து ஆளுக்கு அது சங்கடம். ஊர் ஆட்களே இருப்பதால் சொன்னது ஊருக்குள் சுற்றிவரும் ஆபத்தும் இருக்கிறது. கணவன் அடிக்கிறான், மகளுக்கு விவாகரத்து நடக்கிறது போன்ற விஷயங்களைக் கத்தரிக்காயோடு சேர்த்து நறுக்காமல் இருப்பதே நல்லது. அந்த மாதிரி நேரத்தில் தெரியாத ஊரின் தெரியாத ஆட்கள்தான் பாதுகாப்பு. ஆரோவில் வட்டத்துக்கு இங்கே ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிடுகிறேன்.

பத்து நாள் விபாசனா மௌன தியான முகாமைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள், ஏனென்றால் அது இலவசம். கோயங்கா மரபு முகாம், நமக்குப் பக்கம் என்றால் சென்னை திருமுடிவாக்கம். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்குவதில்லை. முகாம் முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். பேசக்கூடாது, போன், புத்தகம், நோட்டு எதுவும் கூடாது, சாயங்காலம் புதியவர்களுக்குப் பழமும் டீயும்தான். முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். ஒருவரோடும் பேசாமல் பத்து நாள் இருப்பது, ஏற்கனவே வீட்டில் பேச ஆளில்லாமல் தவிப்பவருக்குச் சரிவராது என்பது என் அபிப்பிராயம். மனச்சோர்வோ பதற்றமோ முற்றிய நிலையில் இருப்பவர் விண்ணப்பத்தில் அதை மறைத்துவிட்டுப் போவது ஆபத்தும்கூட. மனம் ஓரளவு நிலையாக இருந்து, ஆழமாக ஒன்றைப் பழக நினைப்பவருக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு குறைவு. வீட்டைப் பத்து நாள் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பதில் இருக்கும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்பது தனிக் கதை.

வீட்டில் குடி ஒரு பிரச்சினையாக இருந்தால், புதுச்சேரி மாதிரி இடத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது, மேலே சொன்ன எதுவும் முதல் இடத்துக்கு வராது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள்தான் வரும். 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கியது. கட்டணம் இல்லை, பெயரை எழுதிக்கொள்வதில்லை, குடியை நிறுத்த விருப்பம் இருந்தால் போதும். தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. குடிப்பவரின் மனைவி, மக்களுக்கென்று அல்-அனான் தனியாக உண்டு. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். ஒன்று மட்டும்: தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் கூட்டம்.

ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ பசியோ கெட்டுவிட்டது, சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது என்றால் ஒர்க்‌ஷாப் தேடாதீர்கள். புதுச்சேரியின் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் தியானத்துக்குத் தடை என்று சொல்லும் குருமார்கள் உண்டு. சர்க்கரை மாத்திரையை நிறுத்து, பிரஷர் மாத்திரையை நிறுத்து என்பவர்களும் அதே ரகம்தான், உடனே எழுந்து வந்துவிடலாம். யோகாவும் மருந்தும் எதிரிகள் என்ற பேச்சுக்கு ஜிப்மரே பதில்: 2008-லேயே அந்த ஆஸ்பத்திரிக்குள் யோகா சிகிச்சைக்கென்று ஒரு மையம் திறந்தார்கள்.

பணம் கட்டும் முன் எந்த இடமானாலும் விசாரிக்க வேண்டியவை சில இருக்கின்றன. நடத்துபவர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றார்? ‘இமயமலையில் ஒரு யோகியிடம்’ என்பது பதில் ஆகாது. தொடுதல் உண்டா, வேண்டாம் என்று சொல்ல முடியுமா? படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவார்களா? வராவிட்டால் பணம் திரும்புமா? முதல் கூட்டத்திலேயே அடுத்த படிக்குப் பணம் கேட்டால், அதுவும் ‘இன்று கட்டினால் பாதி விலை’ என்றால், அது வியாபாரம். வியாபாரம் தப்பில்லை, ஆனால் அழுது முடித்த ஐந்தாவது நிமிஷத்தில் ஜிபே எண்ணை நீட்டுவது தப்பு.

மஞ்சக்குப்பத்திலோ நெல்லிக்குப்பத்திலோ இருப்பவர் வாராவாரம் ஆரோவில் போய் வருவது நடக்காத காரியம். பஸ், ஆட்டோ, திரும்பி வரும் இருட்டு என்று மூன்றாவது வாரமே விட்டுப்போகும். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மன்றமோ சங்கமோ இருந்தால் அதை முதலில் மூன்று மாதம் பார்க்கலாம். லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கைக்கெட்டும், அவர்கள் வாராந்திரக் கூட்டத்தை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வாட்சுவோ அமைதி முகாமோ போய்வரலாம். ஆண்களைக் கூட்டிப் போவதுதான் பெரும்பாடு. ஹீலிங் என்றால் சிரிப்பார்கள், யோகா என்றால் நாளைக்கு என்பார்கள். அவர்களுக்குச் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடும் புதுச்சேரி பீச் ரோடும், கடலூர் சில்வர் பீச்சும், கூட நடக்க ஒரு பழைய நண்பரும் போதும் என்று விட்டுவிடலாம். நடக்கும்போதும் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லையே.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், மார்கழி, தை. யோகா விழா, தைப்பூசம், ஆரோவில்லின் கூட்டம் நிறைந்த பருவம் எல்லாம் அப்போதுதான். சித்திரை, வைகாசியில் ஆரோவில் பக்கம் பல பேர் வெளியூர் போய்விடுவார்கள், நிகழ்ச்சிகள் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் அறிவிப்பு வந்தால் ஈசிஆர் நிகழ்ச்சிகளே ரத்தாகும், அந்த மாதங்களில் முன்பணம் கட்டும் முன் ரத்தானால் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.